ஒரே லாகின்: உள்ளே விடவா, வெளியே நிறுத்தவா?

பத்து பாஸ்வேர்டுகளை ஒன்றாக்கித் தரும் வசதி என்று சொல்லித்தான் 'சிங்கிள் சைன்-ஆன்' விற்கப்படுகிறது. ஆனால், வேலையை விட்டுப் போனவரின் கணக்கை ஒரே நொடியில் மூட முடிகிறதா என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது.

2021 மே 7. அமெரிக்காவின் கொலோனியல் பைப்லைன் நிறுவனம் தன் எரிபொருள் குழாய்களை மூடியது. அந்நாட்டின் கிழக்குக் கடற்கரை மாநிலங்களுக்குப் போகும் எரிபொருளில் கிட்டத்தட்ட பாதியைச் சுமக்கும் குழாய்கள் அவை. அடுத்த சில நாள்கள் பெட்ரோல் பங்க்குகளில் வரிசை நீண்டது. பல பங்க்குகளில் சொட்டு பெட்ரோல்கூட இல்லை. கணினிகளை முடக்கிய கும்பலுக்கு நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் கொடுத்தது.

கும்பல் எந்த வழியாக உள்ளே வந்தது? வீட்டிலிருந்தபடியே அலுவலக நெட்வொர்க்குக்குள் நுழைய உதவும் வி.பி.என். கணக்கு ஒன்றின் வழியாக. அந்தக் கணக்கை அப்போது யாரும் பயன்படுத்தவில்லை. யாரும் மூடவும் இல்லை. பாஸ்வேர்டைத் தவிர ஓ.டி.பி. போன்ற இரண்டாவது சரிபார்ப்பும் அதற்குக் கிடையாது. இதை நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியே அமெரிக்க செனட் குழுவின் முன் சொன்னார்.

கேட்பாரற்றுக் கிடந்த ஒரே ஒரு கணக்குக்குக் கொடுத்த விலை இது. இப்போது உங்கள் அலுவலகத்தை, கல்லூரியை, மருத்துவமனையை எண்ணிப் பாருங்கள். மெயிலுக்கு ஒரு கணக்கு, சம்பளச் சீட்டுக்கு ஒன்று, விடுப்பு விண்ணப்பிக்க ஒன்று, நூலகத்துக்கு ஒன்று, வீடியோ மீட்டிங்குக்கு ஒன்று, கோப்புகளைச் சேமிக்க ஒன்று. இருநூறு பேர் வேலை பார்க்கும் இடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகள் உருவாகிவிடும். அவற்றில் எத்தனை கணக்குகளின் சொந்தக்காரர்கள் இன்னும் அங்கே வேலை பார்க்கிறார்கள்? பெரும்பாலான நிறுவனங்களில் இந்தக் கேள்விக்கு உடனே பதில் வராது.

அந்தப் பதிலைத் தரக்கூடிய ஏற்பாடுதான் சிங்கிள் சைன்-ஆன். ஐ.டி. துறையினர் சுருக்கமாக எஸ்.எஸ்.ஓ. என்பார்கள். ஒரே இடத்தில் லாகின் செய்தால் போதும். நிறுவனத்தின் எல்லாத் தளங்களும் திறக்கும். மறுபுறம், அந்த ஒரே இடத்தில் தடுத்தால் எல்லாத் தளங்களும் அடைபடும். விளம்பரங்கள் முதல் பாதியைப் பற்றியே பேசுகின்றன. நிர்வாகம் கவலைப்பட வேண்டியது இரண்டாவது பாதியைப் பற்றி.

பாஸ்வேர்டு பிறந்ததும் திருடு போனதும்

கணினியில் பாஸ்வேர்டு என்ற ஏற்பாடு அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் 1960-களின் தொடக்கத்தில் வந்தது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்துகொள்ளும் முறையை ஃபெர்னாண்டோ கார்படோவின் குழு அங்கே 1961-ல் செய்து காட்டியது. ஒருவரின் கோப்பை மற்றவர் பார்க்காமல் இருக்க ஆளுக்கொரு பாஸ்வேர்டு கொடுத்தார்கள்.

அடுத்த ஆண்டே அது திருடு போனது. ஆலன் ஷெர் என்ற ஆராய்ச்சி மாணவருக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதவில்லை. பாஸ்வேர்டுகள் இருந்த கோப்பை அச்சடித்துத் தரும்படி கணினிக்கே கட்டளை கொடுத்தார். அதுவும் அச்சடித்துக் கொடுத்துவிட்டது. மற்றவர்களின் பெயரில் நுழைந்து தன் வேலையை முடித்துக்கொண்டார். பல ஆண்டுகள் கழித்து அவரே இதை வெளியே சொன்னார்.

அதே எம்.ஐ.டி.யில் 1983-ல் 'அதீனா' திட்டம் தொடங்கியது. வளாகம் முழுக்கக் கணினிகள்; மாணவர் எந்தக் கணினி முன் உட்கார்ந்தாலும் தன் கோப்பு, தன் மெயில், பிரிண்டர் எல்லாம் கிடைக்க வேண்டும். ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனியாகப் பாஸ்வேர்டை நெட்வொர்க் வழியே அனுப்பினால் நடுவில் யாரும் ஒட்டுக்கேட்கலாம். அதற்கு மாற்றாக உருவானது 'கெர்பரோஸ்'. காலையில் ஒருமுறை தன்னை நிரூபித்துவிட்டால், மையச் சர்வர் சில மணி நேரம் செல்லுபடியாகும் டிக்கெட் ஒன்றைத் தரும். அதைக் காட்டியே மற்றச் சேவைகளுக்கு வேண்டிய டிக்கெட்டுகளை வாங்கிக்கொள்ளலாம். பாஸ்வேர்டு நெட்வொர்க்கில் பயணிப்பதே இல்லை. விண்டோஸ் 2000 வந்தபோது மைக்ரோசாஃப்ட் தன் 'ஆக்டிவ் டைரக்டரி'யில் இதையே சேர்த்துக்கொண்டது. அலுவலகக் கணினியில் காலையில் ஒருமுறை லாகின் செய்தால் பிரிண்டரும் பொது ஃபோல்டரும் தானாகத் திறப்பது அதனால்தான்.

அலுவலகச் சுவருக்குள் இது சரி. இணையத்தில்? மைக்ரோசாஃப்ட் 1999-ல் 'பாஸ்போர்ட்' என்ற சேவையைக் கொண்டுவந்தது. இணையம் முழுவதற்கும் ஒரே லாகின், அதை வைத்திருப்பது ஒரே நிறுவனம் என்ற எண்ணமே எதிர்ப்பைக் கிளப்பியது. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் முன்னின்று 2001-ல் 'லிபர்ட்டி அலையன்ஸ்' என்ற கூட்டணியை உருவாக்கியது. யார் வேண்டுமானாலும் லாகின் தருபவராக இருக்கலாம், யாரை நம்புவது என்பதைத் தளங்களே முடிவு செய்யட்டும் என்பது அந்த அணியின் வாதம். அந்த வாதம்தான் வென்றது. 'சாம்ல்' எனப்படும் பொதுத் தரம் 2002-லும், இன்றுவரை நிறுவனங்களில் புழங்கும் அதன் இரண்டாம் பதிப்பு 2005-லும் வெளியாயின.

வட்டாட்சியர் கையொப்பம்

இது எப்படி வேலை செய்கிறது? கல்லூரியில் சேரும் மாணவர் கொண்டுவரும் சாதிச் சான்றிதழை எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரி முதல்வர் மாணவரின் ஊருக்குப் போய் விசாரிப்பதில்லை. அந்த வேலையை வட்டாட்சியர் அலுவலகம் ஏற்கெனவே முடித்திருக்கிறது. வட்டாட்சியரின் கையொப்பம் உண்மையா என்று மட்டும் கல்லூரி பார்க்கிறது. அவரை நம்புவது என்று கல்லூரியும் அரசும் முன்கூட்டியே ஒத்துக்கொண்டிருப்பதால் இது நடக்கிறது.

எஸ்.எஸ்.ஓ.வில் வட்டாட்சியர் இடத்தில் இருப்பது மைய லாகின் சர்வர். கல்லூரி இடத்தில் இருப்பவை மெயில், நூலகம், சம்பளம் போன்ற தளங்கள். நீங்கள் நூலகத் தளத்தைத் திறக்கிறீர்கள். அது உங்களிடம் பாஸ்வேர்டு கேட்காமல், உங்கள் பிரவுசரை மைய லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிடுகிறது. அங்கே பாஸ்வேர்டு, ஓ.டி.பி. எல்லாம் கொடுத்து உங்களை நிரூபிக்கிறீர்கள். 'இவர் இன்னார், இன்ன துறை, இன்ன நேரத்தில் சரிபார்த்தேன், இந்தச் சான்று நூலகத் தளத்துக்கு மட்டும், சில நிமிடங்களுக்கு மட்டும்' என்று எழுதி, டிஜிட்டல் கையொப்பம் போட்டு லாகின் சர்வர் அனுப்புகிறது. நூலகத் தளம் கையொப்பத்தைச் சரிபார்த்துவிட்டு உள்ளே விடுகிறது. உங்கள் பாஸ்வேர்டு என்ன என்று நூலகத் தளத்துக்குக் கடைசிவரை தெரியாது.

அரை மணி நேரம் கழித்து சம்பளத் தளத்தைத் திறந்தால், அதுவும் உங்களை லாகின் பக்கத்துக்கே அனுப்பும். நீங்கள் ஏற்கெனவே நிரூபித்தவர் என்பதால், எதுவும் கேட்காமல் சம்பளத் தளத்துக்கென்று தனிச் சான்று வந்துவிடும்.

இந்தச் சான்றை எழுத இன்று இரண்டு முறைகள் பரவலாக இருக்கின்றன. ஒன்று, முன்பு சொன்ன சாம்ல். இன்னொன்று, 2014-ல் வந்த 'ஓப்பன்-ஐடி கனெக்ட்'. மொபைல் ஆப்களுக்கு இது ஒத்துவரும், எழுதுவதும் சுலபம். 'கூகுள் மூலம் உள்நுழைக' என்று பல தளங்களில் நாம் பார்க்கும் பொத்தானுக்குப் பின்னால் இருப்பது இதுதான். புதிதாகத் தளம் கட்டுபவர்கள் பெரும்பாலும் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியிலிருந்து வாங்கும் பழைய மென்பொருள்கள் பலவற்றில் சாம்ல் மட்டுமே இருக்கும். ஆகவே, இரண்டையும் பேசத் தெரிந்த லாகின் சர்வரை வைத்துக்கொள்வதே நடைமுறை.

அரசு வாசலில்

இந்தியாவில் இதைப் பெரிய அளவில் செய்து காட்டிய மாநிலம் ராஜஸ்தான். அங்கே அரசு வேலைக்கு விண்ணப்பிப்பவர் முதல் தொழில் உரிமம் கேட்பவர் வரை எல்லோருக்கும் 'எஸ்.எஸ்.ஓ. ஐடி' பழகிப்போன விஷயம். குடிமக்கள், தொழில் நிறுவனங்கள், அரசு ஊழியர்கள் என மூன்று வகையினரும் ஒரே வாசல் வழியாகத்தான் பல துறைகளின் சேவைகளுக்குள் நுழைகிறார்கள்.

மத்திய அரசு ஊழியர்களுக்கு, தேசியத் தகவலியல் மையமான என்.ஐ.சி. உருவாக்கிய 'பரிச்சய்' இருக்கிறது. பொதுமக்களுக்காக 2022 ஜூலை 4-ல் 'மேரி பெஹச்சான்' என்ற தேசிய ஒற்றை லாகின் அறிமுகமானது. டிஜிலாக்கர் கணக்கு வைத்திருப்பவர் அதே கணக்கைக் கொண்டு, இதில் இணைந்த மற்ற அரசுத் தளங்களுக்குள்ளும் போகலாம்.

கல்வித் துறையில் இது இன்னும் ஒரு படி மேலே போகிறது. காந்திநகரில் உள்ள இன்ஃபிளிப்நெட் மையம் 'இன்ஃபெட்' என்ற கூட்டமைப்பை நடத்துகிறது. இதில் சேர்ந்த பல்கலைக்கழகத்தின் மாணவர் வீட்டிலிருந்தபடியே தன் பல்கலைக்கழக லாகினைக் கொடுத்து, சந்தா கட்டிய ஆய்விதழ்களைப் படிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் பதிப்பகத்துக்கு அந்த மாணவரைத் தெரியாது. அவருடைய பல்கலைக்கழகம் போட்ட கையொப்பத்தை அது நம்புகிறது.

சிங்கப்பூரின் 'சிங்பாஸ்' 2003-ல் தொடங்கியது. வரி, ஓய்வூதிய நிதி, வீட்டு வசதி என அரசின் நூற்றுக்கணக்கான சேவைகளுக்கு அதுவே லாகின். 2014-ல் 1,560 கணக்குகளுக்குள் வேறு யாரோ நுழைந்தது தெரியவந்தது. அடுத்த ஆண்டே இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு வந்தது. 2018-ல் கைரேகையோ முகமோ காட்டி நுழையும் ஆப் வந்தது. தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று என்பதால் அந்த ஆப்பைத் தமிழிலும் பயன்படுத்தலாம். எல்லா வாசலையும் ஒன்றாக்கிய பிறகு அந்த ஒன்றுக்கான காவலை இரட்டிப்பாக்கியே தீர வேண்டும் என்பது சிங்கப்பூர் கற்ற பாடம்.

முதல் வேலை பட்டியல்

சரி, ஒரு கல்லூரியோ ஏற்றுமதி நிறுவனமோ இதை அமைக்க வேண்டும் என்றால் எங்கே தொடங்குவது? பலரும் மென்பொருளை வாங்குவதிலிருந்து தொடங்குகிறார்கள். தொடங்க வேண்டிய இடம் பணியாளர் பட்டியல்.

இங்கே யார் யார் வேலை பார்க்கிறார்கள்? கேள்வி சுலபம்தான். ஆனால் எச்.ஆர். வைத்திருக்கும் பட்டியல் ஒன்று, சம்பளப் பட்டியல் ஒன்று, மெயில் கணக்குகளின் பட்டியல் ஒன்று. மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். ஒப்பந்தத் தொழிலாளர்கள், கௌரவ விரிவுரையாளர்கள், பயிற்சிக்கு வந்தவர்கள், வெளியிலிருந்து வரும் ஆடிட்டர் ஆகியோர் ஏதோ ஒரு பட்டியலில் இருப்பார்கள். இன்னொன்றில் இருக்க மாட்டார்கள். எந்தப் பட்டியல் சொல்வது இறுதி என்பதை நிர்வாகம் முடிவு செய்ய வேண்டும். ஐ.டி. பிரிவு தனியாக முடிவு செய்யக்கூடிய விஷயம் இல்லை இது. எச்.ஆர். பட்டியலில் பெயர் ஏறினால் கணக்கு பிறக்க வேண்டும். பெயர் இறங்கினால் கணக்கு அன்றே அடைபட வேண்டும். லாகின் சர்வரில் நடக்கும் மாற்றத்தை மற்றத் தளங்களுக்குத் தானாகத் தெரிவிக்க 'ஸ்கிம்' என்ற பொதுத் தரமும் 2015 முதல் இருக்கிறது.

மற்றத் தளங்களுக்கும் தெரிவிக்க வேண்டியதற்கு ஒரு காரணம் உண்டு. மைய லாகினை அடைத்தால் புதிதாக யாரும் நுழைய முடியாது, உண்மை. ஆனால், ஏற்கெனவே தன் போனில் ஆப்பைத் திறந்து வைத்திருப்பவர் அந்தத் தளத்தின் கெடு முடியும்வரை உள்ளேயே இருக்கலாம். தளத்திலிருக்கும் கணக்கையும் சேர்த்து மூடினால்தான் கதவு முழுதாக அடைபடும். எஸ்.எஸ்.ஓ. வைத்த பல நிறுவனங்கள் கோட்டை விடும் இடம் இது.

அடுத்தது, ஒருவரை எதை வைத்து அடையாளம் காண்பது என்ற கேள்வி. மெயில் முகவரி என்று சொல்லத் தோன்றும். ஆனால் மெயில் முகவரி மாறும். திருமணத்துக்குப் பிறகு பெயரை மாற்றிக்கொள்பவர்கள் உண்டு. வேலையை விட்ட ஒரு கார்த்திக்கின் முகவரியை, அடுத்த ஆண்டு சேரும் இன்னொரு கார்த்திக்குக்குக் கொடுத்தால், பழையவரின் கோப்புகள் எல்லாம் புதியவருக்குத் திறக்கும். இதன் பெரிய வடிவம் 2025 ஜனவரியில் வெளிச்சத்துக்கு வந்தது. மூடப்பட்ட ஸ்டார்ட்-அப் நிறுவனங்களின் இணைய முகவரிகளை விலைக்கு வாங்கி, பழைய ஊழியர்களின் மெயில் முகவரிகளை மறுபடி உருவாக்கி, கூகுள் லாகின் வழியாக அவர்களின் பழைய கணக்குகளுக்குள் நுழைய முடிந்ததைப் பாதுகாப்பு ஆய்வாளர்கள் செய்து காட்டினார்கள். எனவே, ஒருபோதும் மாறாத, ஒருவர் போன பிறகும் இன்னொருவருக்குத் தரப்படாத பணியாளர் எண்ணையே அடையாளமாக வையுங்கள்.

எதை வாங்குவது, எப்படி இணைப்பது?

மெயிலுக்காக ஏற்கெனவே கூகுள் வொர்க்ஸ்பேஸோ மைக்ரோசாஃப்ட் 365-ஓ வைத்திருக்கும் நிறுவனம், அதையே லாகின் சர்வராகப் பயன்படுத்திக்கொள்ளலாம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோ, 'ஸோஹோ டைரக்டரி' என்ற பெயரில் இதே சேவையைத் தருகிறது. காசு கொடுக்காமல் சொந்த சர்வரில் நிறுவிக்கொள்ள விரும்புபவர்களுக்கு, ரெட் ஹேட் நிறுவனத்தில் பிறந்து 2014-ல் வெளியான திறமூல மென்பொருள் 'கீக்ளோக்' இருக்கிறது. இலவசம் என்பது மென்பொருளுக்குத்தான்; அதை இரவும் பகலும் பார்த்துக்கொள்ளும் ஆளுக்குச் சம்பளம் உண்டு என்பதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

செலவு ஒளிந்திருக்கும் இடம் வேறு. நீங்கள் சந்தா கட்டும் ஒவ்வொரு மென்பொருளும் எஸ்.எஸ்.ஓ.வை ஏற்க வேண்டும். பல நிறுவனங்கள் அந்த வசதியைத் தங்களின் மிக விலையுயர்ந்த திட்டத்தில் மட்டும் வைத்திருக்கின்றன. ஐ.டி. வட்டாரத்தில் இதற்கு 'எஸ்.எஸ்.ஓ. வரி' என்றே பெயர். சிறு நிறுவனங்கள் எஸ்.எஸ்.ஓ. பக்கமே வராமல் இருப்பதற்கு இந்தக் கூடுதல் விலையும் ஒரு காரணம் என்று அமெரிக்க அரசின் சைபர் பாதுகாப்பு முகமையான 'சிசா' 2024-ல் வெளியிட்ட அறிக்கையிலேயே பேசியது. பாதுகாப்பை ஆடம்பரப் பொருளாக விற்பது நியாயமா என்ற விவாதம் தொடர்கிறது. அது முடியும்வரை, எந்த மென்பொருளையும் வாங்கும் முன் இந்த விலையைக் கேட்டுக்கொள்வது நல்லது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் இணைக்கக் கூடாது. அதிகம் பேர் புழங்கும், ஆனால் ஒரு நாள் நின்றாலும் பெரிய நஷ்டம் வராத தளத்தில் தொடங்குங்கள். நூலகமோ விடுப்பு விண்ணப்பமோ அதற்குப் பொருத்தம். சம்பளமும் கணக்குப் பிரிவும் பிறகு. தேர்வு வாரத்திலோ மார்ச் மாதக் கணக்கு முடிக்கும் நேரத்திலோ கைவைக்க வேண்டாம். இணைத்த பிறகு, தளத்தில் முன்பிருந்த பழைய பாஸ்வேர்டு வழியை அடைத்தே ஆக வேண்டும். அது திறந்திருக்கும்வரை மைய லாகின் வெறும் அலங்காரம்.

கடிகாரமும் முக்கியம். சான்றின் ஆயுள் சில நிமிடங்கள்தான் என்பதால், இரண்டு சர்வர்களின் நேரம் ஒத்துப்போகாவிட்டால் சரியான சான்றையும் தளம் நிராகரிக்கும். கெர்பரோஸில் வழக்கமாக அனுமதிக்கப்படும் வித்தியாசம் 5 நிமிடங்கள். இந்தியாவின் 'செர்ட்-இன்' அமைப்பு 2022 ஏப்ரலில் வெளியிட்ட உத்தரவும், சர்வர்களின் கடிகாரங்களை அதிகாரபூர்வ நேரத்தோடு ஒத்திசைக்கச் சொல்கிறது. யார், எப்போது நுழைந்தார் என்பது போன்ற பதிவுகளை 180 நாள்கள் வைத்திருக்க வேண்டும், பாதுகாப்பு மீறல்களை 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும் என்பவையும் அந்த உத்தரவில் உண்டு. லாகின் ஒரே இடத்தில் நடக்கும்போது பதிவும் ஒரே இடத்தில் சேரும். இந்த உத்தரவை நிறைவேற்றுவது எளிதாகும்.

இன்னொன்று, கையொப்பச் சான்றிதழின் காலாவதித் தேதி. அது சில ஆண்டுகளுக்குத்தான் செல்லும். அமைத்தவர் வேலையை விட்டுப் போயிருப்பார், தேதி யாருக்கும் நினைவிருக்காது. ஒரு திங்கட்கிழமை காலை யாருமே உள்ளே நுழைய முடியாமல் நிற்பார்கள். அந்தத் தேதியை இரண்டு பேரின் நாட்காட்டியில் குறித்து வைப்பது பைசா செலவில்லாத பாதுகாப்பு.

ஒரே கூடையா?

எல்லாம் ஒரே இடத்தில் என்றால், அந்த ஒரு இடம் விழுந்தால்? நியாயமான பயம்தான். 2020 டிசம்பர் 14 அன்று இந்திய நேரப்படி மாலை 5 மணி தாண்டியதும் ஜிமெயில், யூடியூப், டிரைவ் என கூகுளின் லாகின் தேவைப்படும் சேவைகள் உலகமெங்கும் நின்றன. அந்தச் சேவைகளில் கோளாறு எதுவும் இல்லை. பயனர்களை அடையாளம் காணும் மைய ஏற்பாட்டுக்கான சேமிப்பு அளவை ஒரு தானியங்கி ஏற்பாடு தவறாகக் குறைத்துவிட்டது. 47 நிமிடங்களுக்கு யாரையும் யாரென்று தெரியவில்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக் சுமார் ஆறு மணி நேரம் முடங்கியபோது, ஃபேஸ்புக் லாகினை நம்பியிருந்த மற்றத் தளங்களின் பயனர்களும் வெளியே நின்றார்கள்.

இதற்கு மருந்து, அவசரக் கணக்கு. மைய லாகினைச் சாராத, நீண்ட பாஸ்வேர்டு கொண்ட ஒன்றிரண்டு நிர்வாகக் கணக்குகளை உருவாக்கி, விவரத்தை உறையில் போட்டு மூடி, நிறுவனப் பெட்டகத்தில் வைக்க வேண்டும். அதை யார் எடுத்தாலும் நிர்வாகத்துக்குத் தகவல் போக வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை அது வேலை செய்கிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும்.

முடங்குவதைவிட மோசமானது, திருடு போவது. வட்டாட்சியரின் முத்திரையே திருடனிடம் சிக்கினால் எல்லாச் சான்றிதழும் சந்தேகத்துக்குரியதாகிவிடுமே, அந்த நிலை 2023-ல் மைக்ரோசாஃப்டுக்கு வந்தது. 2016-ல் உருவாக்கப்பட்ட ஒரு கையொப்பச் சாவி, சீனாவோடு தொடர்புடைய ஊடுருவல் கும்பலின் கையில் இருந்தது. அதை வைத்துப் போலிச் சான்றுகளை உருவாக்கி, அமெரிக்க வெளியுறவுத் துறை, வணிகத் துறை உள்பட 22 அமைப்புகளின் மெயில்களுக்குள் நுழைந்தார்கள். அந்தச் சாவி அதற்கு முன்பே ஓய்வு பெற்றிருக்க வேண்டியது.

லாகின் சேவையையே தொழிலாகக் கொண்ட அமெரிக்காவின் 'ஆக்டா' நிறுவனமும் தப்பவில்லை. 2023-ல் அதன் வாடிக்கையாளர் உதவிப் பிரிவின் கணினிக்குள் திருடர்கள் நுழைந்தார்கள். அலுவலக லேப்டாப்பின் பிரவுசரில் ஊழியர் ஒருவர் தன் சொந்த கூகுள் கணக்கைத் திறந்து வைத்திருந்ததும், சேவைக் கணக்கு ஒன்றின் பாஸ்வேர்டு அதில் சேமிக்கப்பட்டிருந்ததும் காரணமாகச் சொல்லப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பரில், சூதாட்ட விடுதிகள் நடத்தும் எம்.ஜி.எம். நிறுவனம் தாக்கப்பட்டது. ஊழியர்போல் நடித்து, ஐ.டி. உதவி மையத்துக்குப் போன் போட்டே திருடர்கள் வழியைத் திறந்துகொண்டதாகச் செய்திகள் வெளியாயின. நிறுவனம் மதிப்பிட்ட பாதிப்பு சுமார் 10 கோடி டாலர்.

சான்றைச் சரிபார்க்கும் மென்பொருளிலும் ஓட்டை இருக்கலாம். 2012-ல் ஜெர்மானிய ஆய்வாளர்கள் 14 சாம்ல் மென்பொருள்களைச் சோதித்தபோது, 11-ல் கையொப்பத்தை ஏமாற்ற வழி இருந்தது. அதனால்தான், சரிபார்க்கும் பகுதியைத் தாங்களே எழுதாமல், பலரும் சோதித்த மென்பொருளை எடுத்துக்கொண்டு அவ்வப்போது அப்டேட் செய்யும்படி வல்லுநர்கள் சொல்கிறார்கள்.

அப்படியானால் பழையபடி தளத்துக்கு ஒரு பாஸ்வேர்டே மேல் என்று தோன்றலாம். அது சரியான முடிவு இல்லை. பத்து பாஸ்வேர்டு வைத்திருப்பவர் பெரும்பாலும் ஒரே பாஸ்வேர்டைத்தான் பத்து இடத்தில் போட்டிருப்பார். அல்லது மானிட்டர் ஓரத்தில் எழுதி ஒட்டியிருப்பார். பத்தில் எது உடைந்தாலும் எல்லாம் உடையும். உடைந்தது யாருக்கும் தெரியவும் தெரியாது. ஒரே வாசல் என்றால் அங்கே நல்ல காவல் போடலாம். ஓ.டி.பி.யைவிட உறுதியான 'பாஸ்கீ'களை 2022 முதல் ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து பரப்பி வருகின்றன. போனின் கைரேகையோ முகமோ போதும். தட்டச்சு செய்ய எதுவும் இல்லாததால் போலித் தளத்தில் கொட்டிவிடவும் எதுவும் இல்லை. இருபது தளங்களில் இதைத் தனித்தனியாகக் கொண்டுவருவது நடக்காத காரியம். ஒரு லாகின் பக்கத்தில் கொண்டுவந்தால் இருபதுக்கும் சேர்த்துக் காவல் கிடைத்துவிடும்.

கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்

எஸ்.எஸ்.ஓ. அமைத்துத் தருவதாக வரும் நிறுவனத்திடம் நிர்வாகம் கேட்க வேண்டிய கேள்விகள்:

• ஒருவர் இன்று மாலை வேலையை விட்டால், எத்தனை நிமிடத்தில் எல்லாத் தளங்களிலிருந்தும் வெளியேற்றப்படுவார்? செய்து காட்ட முடியுமா?

• போனில் ஏற்கெனவே திறந்திருக்கும் ஆப் எப்போது மூடும்?

• எங்கள் மென்பொருள்களில் எவை எஸ்.எஸ்.ஓ.வை ஏற்காது? அவற்றுக்கு என்ன வழி?

• பாஸ்வேர்டு மறந்துவிட்டதாகப் போன் செய்பவர் அவர்தான் என்று உங்கள் உதவி மையம் எப்படி உறுதி செய்யும்?

• லாகின் சர்வர் நின்றால் அவசர வழி என்ன? அது யார் கையில்?

• ஒவ்வொரு தளத்துக்கும் ஊழியரின் எந்தெந்த விவரங்கள் போகும்?

கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். நூலகத் தளத்துக்கு ஒருவரின் பெயரும் துறையும் போதும். பிறந்த தேதியும் செல்பேசி எண்ணும் எதற்கு? 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தரவைக் காக்கப் போதிய ஏற்பாடு செய்யாத நிறுவனங்களுக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடம் தருகிறது. தேவைக்கு மேல் ஒரு விவரமும் அனுப்பாமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

மென்பொருளை வாங்கச் சில மாதங்கள் ஆகலாம். பட்ஜெட் அடுத்த ஆண்டுதான் வரலாம். ஆனால் ஒரு வேலையை இந்த வாரமே, செலவே இல்லாமல் செய்யலாம். கடந்த ஓராண்டில் வேலையை விட்டவர்களின் பெயர்களை எச்.ஆரிடம் கேளுங்கள். இன்றும் திறந்திருக்கும் கணக்குகளின் பட்டியலை ஐ.டி. பிரிவிடம் கேளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டிலும் இருக்கும் ஒவ்வொரு பெயரும் நீங்கள் இன்றே மூட வேண்டிய கணக்கு. மூடிவிட்டு, அதன் பிறகு எஸ்.எஸ்.ஓ. பற்றிப் பேசுங்கள்.